ஒன்பது சீஃப், ஒரு இன்டர்ன்

போன வியாழக்கிழமை எங்கள் காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற தார் ரோட்டில் நான்கு கறுப்புக் கோடுகள் விழுந்தன. அதைப் பார்த்துத் திறந்த வாயை நான் இன்னும் சரியாக மூடவில்லை.

ரோட்டில் டயர் கோடு... இதில் என்னடா அதிசயம் என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

நாங்கள் பைனல் இயர் மெக்கானிக்கல். மாணவர்களே கார் கட்டி ஓட்டுகிற போட்டிக்காக ஒரு டீம் ஆரம்பித்தோம். கம்பி, பைக் இன்ஜின், நான்கு சக்கரம். காருக்கு முன்னாடி என்ன ரெடி ஆனது தெரியுமா? டி-ஷர்ட்! முதுகில் ஆளுக்கொரு பதவி. நான் கேப்டன். பிரபு பிரேக் சீஃப். ஸ்டியரிங் சீஃப், இன்ஜின் சீஃப், ஸ்பான்சர் சீஃப்... ஸ்டிக்கர் ஒட்டக்கூட ஒரு சீஃப் இருந்தான். மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது பதவி. ஸ்பானரை யார் எடுப்பது என்று டி-ஷர்ட் அடிக்கும்போது யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் தோன்றியது. "மச்சி, இன்டர்ன் எடுக்கலாம்டா!"

பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் கோர்ஸ் என்று ஒன்று உண்டு. நடுவில் ஆறு மாதம் எங்காவது ட்ரெயினிங் போயே ஆக வேண்டும். நோட்டீஸ் ஒட்டினோம். இரண்டு பேர் வந்தார்கள். இன்டர்வியூவில் மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?" என்று கெத்தாகக் கேட்டேன்.

"மொதல்ல இந்த சேர்லேர்ந்து எறங்கணும்ணா. ஒரு கால் ஆடுது."

அதுதான் கலைவாணி. முத்தியால்பேட்டைப் பெண். ஒரு சோப்புக் கம்பெனியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அங்க ஆறு மாசமும் அட்டைப்பொட்டி ஒட்ட வுடுவாங்கண்ணா. இங்க காரு கீதுன்னு போட்டிருந்தீங்களே?"

கார் இருந்தது. நிற்காது, அவ்வளவுதான்.

இன்னொருவன் சேவியர். உப்பளம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிடையராகி பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுப் பையன். இருவருக்கும் முதல் நாள் புரொஜெக்டர் போட்டு எங்கள் டீமின் லட்சியத்தை விளக்கினோம். பாதியில் கரண்ட் போனது. லட்சியம் அப்படியே நின்றது. மறுநாளிலிருந்து ஒன்பது பேரும் அந்த இரண்டு பேரை வேலை வாங்கினோம். ஒருத்தன் வீலைக் கழற்று என்பான், இன்னொருத்தன் மாட்டு என்பான். நடுநடுவே டீ.

அந்த வாரமே சேவியர் பையைத் தூக்கிவிட்டான். "பாரீஸ்லேர்ந்து மாமா போன் பண்ணாருண்ணா. இது கம்பெனியே இல்லியாம்." நேராகப் போய் சோப்பில் சேர்ந்துவிட்டான். கலைவாணி விட்டுவந்த அதே இடத்தில்!

விஷயம் அவர்களுடைய பாலிடெக்னிக் ட்ரெயினிங் ஆபீசர் காதுக்குப் போனது. வியாழக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

"பாத்துட்டு இது ட்ரெயினிங் இல்லன்னு சொல்ட்டாருன்னா, எனக்கு ஒரு வருசம் போச்சுண்ணா" என்றாள் கலைவாணி. "அதுக்கு மேல வூட்ல படிக்க வுட மாட்டாங்க." அழவெல்லாம் இல்லை. பஸ் டைம் சொல்வது மாதிரி சொன்னாள்.

காட்ட எங்களிடம் என்ன இருந்தது? பிரேக் பிடித்தால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆகி ரோட்டில் கோடு இழுக்க வேண்டும். அதுதான் போட்டியின் முதல் பரீட்சை. எங்கள் காரில் மூன்று நிற்கும். பின்னால் இடது சக்கரம் மட்டும் தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

காரணம் ஒன்பது பேருக்கும் தெரியும். பிரேக் ட்யூபில் காற்று. ஒருத்தர் பெடலை அமுக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்துப் பக்கம் நட்டைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியே விட வேண்டும். நட்டை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னாடியே விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எப்படி நடக்கும்? பிரபு "அமுத்துடா" என்பான். நான் "விடு விடு" என்பேன். ஸ்டிக்கர் சீஃப் "மூடிட்டியா?" என்பான். எடுத்த காற்றைவிட அதிகமாகவே உள்ளே போகும்.

வியாழன் காலையும் அதே கச்சேரிதான். சக்கரத்தடியில் நட்டோடு படுத்திருந்த கலைவாணி தலையை வெளியே நீட்டினாள். நெற்றியில் பிரேக் ஆயில்.

"அண்ணா! எல்லாரும் வாய மூடுங்க!"

மூடினோம்.

"ஒரே கொரல்தான் கேக்கணும். நான் தரேன். பிரபுண்ணா, டப்பால ஆயில் கொறையாம ஊத்திக்கினே இருங்க. தல, நீங்க பெடலு."

"நான் கேப்டன்..."

"அதான் பெடலு. அமுத்துங்க!"

அமுத்தினேன்.

"தொறந்துட்டேன்... மூடிட்டேன்... வுடுங்க. அமுத்துங்க..."

மக்களே, ஒன்பது லவுட் ஸ்பீக்கர் ஒன்றாக ஆஃப் ஆனால் எப்படி இருக்கும்? ஒர்க்‌ஷாப்பில் அவள் குரல் மட்டும். அவள் கத்தவில்லை, மிரட்டவில்லை. நட்டு வழியே குமிழ் குமிழாகக் காற்று வந்தது, அப்புறம் சின்னச் சின்னதாக, அப்புறம் வெறும் ஆயில். காலுக்கடியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது!

அப்போதுதான் ஆபீசர் உள்ளே வந்தார். அவர் கண்ணில் பட்டது காக்கி கோட்டு போட்ட கலைவாணி, சுற்றி ஒன்பது டி-ஷர்ட்.

"இங்க இன்சார்ஜ் யாரு?"

சொல்லி வைத்த மாதிரி ஒன்பது விரலும் கலைவாணியைக் காட்டின.

செத்தோம்! ஆபீசர் முகம் சுருங்கியது. "ட்ரெயினிங்குக்கு வந்த பொண்ணுதான் இன்சார்ஜா? அப்ப இதுக்கு ட்ரெயினிங் குடுக்கறது யாரு?"

கலைவாணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், மொதல்ல வண்டி நிக்குதான்னு பாத்துருவோம். அப்பால திட்டுங்க."

நான்தான் ஓட்டினேன். ரோட்டு ஓரத்தில் அவள். வண்டி வேகம் எடுத்தது. எதிரே காம்பவுண்டு சுவர் வேறு. காதில் இன்ஜின் சத்தம், அதையும் தாண்டி ஒரே குரல்.

"அமுத்துங்க!"

கீ...ரீச்!

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நான்கு கோடுகள். ஆபீசர் பின்பக்க இடது கோட்டுக்குப் போய்க் குந்தினார். விரலால் தேய்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"யாரும்மா சரி பண்ணது?"

"எல்லாருந்தான் சார். நான் சவுண்டு வுட்டேன், அவ்ளோதான்."

அவர் எழுந்து பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா... தெரியவில்லை. "ஆறு மாசமும் இங்கியே இரு. ஆனா சூப்பர்வைசர்னு இவனுங்கள்ல ஒருத்தன் பேரு வேணும். உன் பேரையே போட முடியாது."

என் முதுகைப் படித்துவிட்டு என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே பேப்பரில் நான் கலைவாணியின் சூப்பர்வைசர். டி-ஷர்ட்டில் கேப்டன்.

வேலை... பெடல்.