கமலாம்பிகையின் கிணற்றுப் பங்கு

கமலாம்பிகைக்கு அறுபத்தேழு வயதில் அமெரிக்காவில் காணி கிடைத்தது. காணி என்றால் மேலே நடந்து திரிகிற காணி இல்லை, அடியில் கிடக்கிற காணி. அவளுடைய அண்ணன் கிருஷ்ணராசா ஒஹையோவில் எண்பது ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, மாடும் வளர்க்காமல் சோளமும் போடாமல் பன்னிரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு ஒரு வெள்ளைக்காரருக்கு விற்றார். விற்கும்போது, நிலத்துக்குக் கீழே இருக்கிற கல்லும் காஸ் என்கிற எரிவாயுவும் தன்னுடையது என்று உறுதிப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். கலியாணம் கட்டாத மனிதர். போன மாசியில் கண்ணை மூடியபோது, அந்தப் பாதாளத்தைத் தங்கைக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக எழுதிவிட்டுப் போயிருந்தார். அங்கே மண்ணுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று வைத்திருக்கலாமாம். யாழ்ப்பாணத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் எங்கள் வழக்குகள் எல்லாம் இன்னும் ஒரு மைல் ஆழத்துக்குப் போயிருக்கும்.

கமலாம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அமெரிக்காவுக்குக் கடலின் இந்தப் பக்கம் இருக்கிற கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்து நாலு வருடம் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு போட்டவள். அகப்பையை உயர்த்தினாள் என்றால் முந்நூறு பிள்ளைகள் வாயை மூடும். புருஷன் போய் ஆறு வருடம். மகள் கஜந்தினி மருந்துக்கடையில் வேலை. யாருக்கும் பயப்படாத இந்த மனுஷிக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது: தம்பி பாலேந்திரா நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

கடைசியாகப் போட்டது ஒரு அற்றோணி, அவளுக்குப் பதிலாக அவனே கையெழுத்திடலாம் என்கிற அதிகாரப் பத்திரம். 'நீங்கள் ஊருக்குப் போகத் தேவையில்லை அக்கா, உங்களுக்குப் பதிலா நான் போய் எல்லாம் பாக்கிறன்' என்றான். பார்த்தான். கோண்டாவிலில் அவளுடைய சீதனக் காணியைத் தன் கூட்டாளிக்கு விற்றுவிட்டு வந்தான். காசைப் பிறகு கொடுத்தான்தான். ஆனால் காணி போன செய்தி அவளுக்குத் தெரியவந்தது ஹரோவில் ஒரு கலியாணவீட்டில், சாப்பாட்டு வரிசையில், முன்னால் நின்ற பெண் சொல்லி. அன்றைக்குப் புரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். காணி போனதைவிட, தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவளை இன்றைக்கும் சுடுகிறது.

இந்த முறையும் பாலேந்திரா சனிக்கிழமை காலை வந்தான். கோயில் சபையில் உபதலைவர், பழைய மாணவர் சங்கத்தில் போசகர், கையில் தாள்கள் அடுக்கிய ஒரு பிளாஸ்ரிக் கோவை. தேத்தண்ணி ஆறும் முன்பே தாளை மேசையில் வைத்தான்.

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு கொம்பனி காஸ் எடுக்கக் குத்தகைக்குக் கேக்குது. அவையளின்ரை ஆள் டேல் எண்டு, தங்கமான மனிசன். என்னை 'சேர்' எண்டுதான் கூப்பிடுறார். நீங்கள் இந்த அற்றோணியிலை ஒரு கையெழுத்தைப் போட்டால் மிச்சத்தை நான் கதைச்சு முடிக்கிறன்."

"அந்தக் குத்தகைத் தாள் எங்கை?"

"அது பதினாலு பக்கம் அக்கா. உங்களுக்கு விளங்காது."

கமலாம்பிகை தாளையும் பார்க்கவில்லை, பேனையையும் பார்க்கவில்லை. தம்பியின் மூஞ்சையைப் பார்த்தாள். "அற்றோணி இல்லை," என்றாள். "என்ரை பாதிக்கு நானே கதைக்கிறன்."

"அக்கா, பகிடி விடாதேங்கோ. எங்கடை முறைப்படி பாத்தால், சீதனம் வாங்கின பொம்பிளைக்கு முதுசச் சொத்திலை பங்கே இல்லை. ஏதோ அமெரிக்கன் சட்டம் எண்டபடியால்..."

"அப்ப அமெரிக்கனோடையே கதைக்கிறன்."

பதினாலு பக்கத்தையும் கஜந்தினி கொம்பனியிடம் கேட்டு வாங்கி அச்செடுத்துக் கொடுத்தாள். கமலாம்பிகை மூன்று நாள் சமையலறையில் இருந்து வாசித்தாள். பாதி விளங்கவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் வந்தது: 'வெல்'. கிணறு! அவளுக்கு உடனே சுற்றுக் கட்டும் கப்பியும் வாளியும் கண்ணில் வந்து நின்றன. காஸ் என்று சொல்கிறார்கள், எப்படியும் கிணற்றுக்குள்ளிருந்துதானே எடுக்கப்போகிறார்கள்? கிணறு என்றால் அவளுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவளுடைய குடும்பம் ஒரு கிணற்றில் பதினாறில் ஒரு பங்குக்குப் பதினொரு வருடம் வழக்குப் பேசிக் கோடு ஏறியது. உள்ளே தண்ணீர் இருந்ததைவிட வழக்குத்தான் கூட.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு டேல் போன் எடுத்தார். ஒஹையோவில் அப்போது காலை. போன் எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக மேசையில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கஜந்தினி, மறுபக்கம் அக்கா மானத்தை வாங்கப்போகிறாள் என்ற முகத்தோடு பாலேந்திரா. டேல் சுகம் விசாரித்தார், காலநிலை சொன்னார், காஸ் விற்று வருகிற காசில் எட்டில் ஒரு பங்கு வரும் என்றார். கமலாம்பிகை பள்ளிக்கூடச் சமையலறை ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"கிணற்றிலிருந்து அள்ளுகிற மெஷின் செலவு யாருடைய தலையில்?"

டேல் சிரித்தார். காஸைச் சுத்தம் செய்வது, அமுக்கிக் குழாயில் அனுப்புவது, இப்படிச் சின்னச் சின்னச் செலவுகள் அவளுடைய பங்கில் கழியும், அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம் என்றார்.

"எங்கள் ஊரில் இல்லை. என் பங்கு கிணற்று வாயிலேயே என் பங்கு. வாளியும் கயிறும் உங்களுடையது."

அவள் அடுத்ததைக் கேட்டாள். கிணற்றை வெட்டிவிட்டு அள்ளாமல் மூடிவைத்தால்? அப்போது வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் குத்தகை நிற்கும் என்றார் டேல். எத்தனை வருடத்துக்கு? டேல் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. எல்லை ஒன்றும் எழுதவில்லை என்றார்.

"எங்கள் சித்தப்பா ஒருவர் இப்படித்தான். தானும் அள்ளமாட்டார், மற்றவரையும் அள்ள விடமாட்டார். முப்பது வருடம்! இரண்டு வருடத்துக்கு மேல் மூடி வைத்தால் கிணறு எங்களிடம் திரும்பி வர வேண்டும். பிறகு, எட்டில் ஒன்று இல்லை. ஐந்தில் ஒன்று."

டேலின் குரல் மாறியிருந்தது. அம்மா, உங்களுக்கு எண்ணெய், காஸ் வழக்கறிஞர் யாராவது இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

"தேவையில்லை. எங்கள் ஊரே வழக்கறிஞர்."

போனை வைத்தபிறகு பாலேந்திரா தலையில் கை வைத்தான். "கெடுத்துப்போட்டியள் அக்கா. அவங்கள் இனித் திரும்பியும் பாக்கமாட்டாங்கள்." கஜந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் ஒரு படம் காட்டினாள். காஸ் கிணறு. சீமெந்துத் தரையில் ஆளுயரத்துக்கு முளைத்து நிற்கிற இரும்புக் குழாயும் திருகுகளும், அவ்வளவுதான்.

"கட்டு எங்கையடி?" என்று கேட்டாள் கமலாம்பிகை.

"கட்டு இல்லை அம்மா. உள்ளுக்கை தண்ணியும் இல்லை. ரெண்டு மைல் ஆழம்."

வெட்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு நேரமும் வாளிக்கும் கயிற்றுக்குமா சண்டை பிடித்தோம் என்று அந்தப் பதினாலு பக்கத்தையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மூன்றாம் வாரம் புதுத் தாள் வந்தது. செலவெல்லாம் கொம்பனிக்கு. மூடி வைத்தால் இரண்டே வருடம். ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் இறங்கி வராமல் ஆறில் ஒன்றில் நின்றுகொண்டார்கள். பாலேந்திராவுக்கும் அதே தாள்தான். 'நான்தான் டேலோடை பிறகு தனியக் கதைச்சனான்' என்று கோயிலில் சொல்லித் திரிந்தானாம்.

கையெழுத்தை, அதை உறுதிப்படுத்துகிற ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் போடவேண்டும் என்றது கொம்பனி. ஹரோவில் ஒரு வெள்ளைக்கார நொத்தாரிசு, இளந்தாரிப் பிள்ளை. பாலேந்திரா காரை வீதியில் அரை மணித்தியாலக் காசு போட்டு நிறுத்திவிட்டு வந்திருந்தான். தன்னுடையதில் கடகடவென்று கையெழுத்தைக் கீறினான். தாள் அக்காவிடம் வந்தது. நொத்தாரிசு அவளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு பாலேந்திராவைப் பார்த்துக் கேட்டார்: இவர் இதை வாசித்து விளங்கி, சொந்த விருப்பத்தில்தான் கையெழுத்திடுகிறாரா?

"ஓம் ஓம், யெஸ், அவவுக்கு எல்லாம் விளங்கும்," என்றான் தம்பி.

"என்னைக் கேளுங்கள்," என்றாள் கமலாம்பிகை ஆங்கிலத்தில்.

நொத்தாரிசின் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பெற்ற தகப்பன், ஐயாவின் காலத்திலிருந்து இன்றுவரை எத்தனை தாள்! கலியாணப் பதிவுக்குக்கூட ஐயாதான் பேனையைக் கையில் வைத்து இடத்தைக் காட்டினார். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டாமல் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் இல்லை," என்றாள். "வாசித்துவிட்டுச் சொல்கிறேன்."

முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, காருக்கு டிக்கெட் அடிக்கப்போறான்!"

"அடிக்கட்டும் தம்பி. நீ இரு."