அண்ணியின் மான்வேட்டை

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு சூட்கேஸும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக, பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகுதான் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. என் மாமனார் பட்டாளத்துக்காரர். ஊர் திரும்பியதும், வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கி ஒன்றை, ஊர்க்காரர் வைத்துக்கொள்ளும்படி குழல் மாற்றியதாகப் பார்த்து வாங்கிப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்ஸும் எடுத்திருந்தார். முக்கால் ஆள் உயரம், ஒரு மூட்டை கனம். அவர் காலமானபின் அது யாருக்கு என்ற பேச்சு வந்தபோது என் கணவர் மெல்ல நழுவிவிட்டார். தேர்த்திருவிழா வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நிற்கிற மனிதர். அண்ணியோ காலேஜ் நாளில் என்.சி.சி.யில் குறிபார்த்துச் சுட்டவர். லைசன்ஸ் அண்ணி பெயருக்கு மாறியது. எண்ணெய் போட்டுத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி.

போன வருஷம் நிலக்கடலை நன்றாகப் பிடித்திருந்தது. அதை எங்களுக்கு முன்னால் புள்ளிமான்கள் கண்டுபிடித்துவிட்டன. விடிகிற நேரத்தில் கூட்டமாக வந்து, கொழுந்தை மேய்ந்துவிட்டு, போகிற போக்கில் மிதித்துவிட்டும் போயின. தகரம் தட்டினோம், டார்ச் அடித்தோம். தகரச் சத்தத்துக்கு அவை காதை ஆட்டிக்கொண்டே தின்றன.

"இதுங்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் கேக்கணும்" என்றார் அண்ணி. "நாளைக்குக் காலையில மான்வேட்டை. நீயும் வர்றே."

மானைச் சுட்டால் ஜெயில் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான் எங்கள் வேட்டை. ஆனால் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த களியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, தப்பித்தவறி பட்டுடுச்சுன்னா?"

"பட்டுடுச்சுன்னா?"

"இல்ல, வூட்டுல மிளகு இருக்குதான்னு பாத்து வெச்சுக்கலாம்ல."

அண்ணி விசிலை எடுத்து அவர் காதுக்குள் ஒரு ஊது ஊதினார்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். அண்ணி டிராக் சூட், கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசிலோடு ஜெபமாலையும். நான் நைட்டிக்கு மேல் கணவரின் சட்டை. கடலைக் கொல்லையின் நடுவே காவலுக்குக் கட்டியிருந்த பரணில் அண்ணி முதலில் ஏறினார். துப்பாக்கியை நான் தூக்கிக் கொடுக்க, அதன் கனத்தில் அவர் என் பக்கம் சாய, பிறகு நான் அவரைத் தள்ள, ஒருவழியாக மூன்று பேரும் மேலே போய்ச் சேர்ந்தோம். துப்பாக்கியையும் ஓர் ஆளாகத்தான் எண்ண வேண்டியிருந்தது.

"பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது" என்றார் அண்ணி, பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பவர் மாதிரி.

உடனே அவர் வயிறு கடமுடவென்று உருண்டது. நான் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். என் தோள் குலுங்குவதைப் பார்த்து அவருக்கும் தொற்றிக்கொண்டது. பரண் கிரீச் கிரீச்சென்று ஆடியது.

அப்போது மான்கள் வந்தன. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, தரை அதிராமல் வந்தன. முன்னால் கூட்டத்தின் பெரிய ஆண், ஒரு கலைமான். கிளைவிட்ட கொம்பைத் தூக்கிப் பிடித்து, இந்தக் காடும் கொல்லையும் தன்னுடையது என்பதுபோல் நின்று பார்த்தது. அத்தனை பக்கத்தில் நான் மானைப் பார்த்ததில்லை. எங்கள் கடலையைத்தான் தின்கிறது என்பது மறந்துபோய், "என்ன அழகுங்கண்ணி" என்று முணுமுணுத்தேன்.

"அழகுதான். அழகா இருந்தாச் சும்மா வுட்டுடுவாங்களா?" என்று அண்ணி குழலை வானத்துக்கு நீட்டி விசையை இழுத்தார்.

'டிக்.'

தோட்டா பழசு. வெடிக்கவில்லை. கலைமான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வாய் மட்டும் மெல்வதை நிறுத்தவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டால் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு பார்வை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டேன். அண்ணி கண்ணில் நீர் வழியக் குழலை வானத்தை விட்டு இறக்காமல் காத்திருந்து, பழைய தோட்டாவைத் தள்ளி வேறொன்றைப் போட்டு, "ஏசுவே, இதாவது" என்று இழுத்தார்.

இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். துப்பாக்கி உதைத்த உதையில் அண்ணி என்மேல் விழுந்தார், நான் பரணின் ஓலைமேல் விழுந்தேன். ஓலை எங்களோடு சேர்ந்து சரிந்தது. நல்லவேளை, கீழே போன போகத்துக் கடலைக்கொடி அம்பாரமாகக் கிடந்தது. அதில் புதைந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தால் மான்கள் நாலா பக்கமும் தெறித்து ஓடுகின்றன. கலைமான் மட்டும் நேராக வேலியைப் பார்த்து ஓடியது. அங்கே மாமனாரின் பழைய பட்டாளச் சட்டையைப் போட்டு ஒரு கொல்லைப் பொம்மை நட்டிருந்தோம். மானின் கொம்பு சட்டையின் கைக்குள் நுழைந்தது. பொம்மைக் குச்சி முறிந்தது. மான் வேலியைத் தாண்டியபோது சட்டையும் சேர்ந்தே தாண்டியது.

"எங்கப்பா சட்டை!" என்று அண்ணி கத்தினார். விசிலை ஊதினார். மான் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வனத்துறைக் கார்டு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். சிரிப்பில்லாத முகம்.

"வெடிச்சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்க. இந்த வூட்டுல யாரும்மா சுட்டது?"

என் கணவர் சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணி முன்னால் வந்து, "நான்தானுங்க. மேல பாத்துத்தான் சுட்டேன். மான் மேல படலீங்க" என்று லைசன்ஸை நீட்டினார்.

அவர் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "படலைன்னு எனக்கும் தெரியும்மா. நல்லாத்தான் இருக்குது" என்று போனை எடுத்து நீட்டினார். காட்டுக்குள் மரத்தில் கட்டி வைக்கும் கேமரா பிடித்த படம். தண்ணீர்க் குட்டையின் கரையில் அந்தக் கலைமான். கழுத்தைச் சுற்றிப் பட்டாளச் சட்டை. ஒரு கை கொம்பில் மாட்டி, சல்யூட் அடிப்பதுபோல் மேலே நிற்கிறது.

"பெருசு பண்ணிப் பாருங்க. பாக்கெட்டு மேல பேரு தெரியுதா? அத வெச்சுத்தான் வூட்டைக் கண்டுபுடிச்சேன்."

அண்ணி படத்தைப் பெரிதாக்கினார். தன் அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, "உசுரோட இருந்தவரைக்கும் மானை வெரட்டிக்கிட்டே இருந்தாரு மனுசன். இப்ப அது மேலயே ஏறிட்டாரு" என்றார்.

கார்டு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. அவர் பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நாங்கள் சிரிக்க, சமையலறையிலிருந்து என் கணவர் தலையை மட்டும் நீட்டி, "போயிட்டாரா?" என்று கேட்டார். மான் அன்றைக்கே சட்டையை உதறிவிட்டதென்றும், முள்ளில் கிடந்ததை வாட்ச்சர் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார் கார்டு. பயிர்ச் சேதத்துக்கு எப்படி மனுக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிட்டு, காபி குடித்துப் போனார்.

படம் எப்படியோ எங்கள் சர்ச்சின் பங்கு மக்கள் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எங்கள் நேரமோ என்னவோ, பாடற்குழு மான் தண்ணீரைத் தேடிப் போவதைப் பற்றிய பாட்டை எடுத்தது. முதல் அடி வந்ததுமே எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்களின் முக்காடுகள் குலுங்க ஆரம்பித்தன. நான் அண்ணியைப் பார்க்கவே கூடாது என்று பீடத்தையே பார்த்தேன். பக்கத்திலிருந்து 'க்கும்' என்று ஒரு சத்தம். அண்ணி இருமுவதுபோல் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடினார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறவள் மாதிரி நானும் பின்னால் ஓடினேன்.

வேப்பமரத்தடியில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டின் இரண்டாவது அடி தொடங்கியது. "ஐயோ, மறுபடியும் குடிக்குது" என்றார் அண்ணி. அதோடு எங்களுக்கு அன்றைய பூசை முடிந்தது.