மீனுக்குள் ஜாஸ்மி

மேஜிக் செய்கிறவனுக்குப் பயமே கிடையாது என்று நினைப்பவர்கள் ஆன்ஸ்லினை மேடைக்கு எதிரே உட்கார்ந்துதான் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கறுப்புக் கோட்டுக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். நிகழ்ச்சி என்றால் முந்தின நாளே சோறு இறங்காது. வேனில் ஏற்றின சாமான்களை இறக்கிச் சரிபார்த்து மறுபடி ஏற்றுவான். கேஸை அடைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பின கதை வேண்டுமானால் அவன் மனைவி ஜாஸ்மியைக் கேட்க வேண்டும், நாலைந்து வைத்திருக்கிறாள்.

"இவ்வளவு வெப்ராளம் உள்ள மனுசன் எதுக்கு இந்த வேலைக்கு வந்தியோ?" என்று ஒரு நாள் அவளே கேட்டாள்.

"மேஜிக்குல என்ன நடக்கும்னு முன்கூட்டியே நமக்குத் தெரியுமில்லா? வேற எதுல தெரியுது?" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. பயந்தவன் தேடுவது அதைத்தான்.

துபாயில் கண்காட்சிகளுக்கு ஸ்டால் அடிக்கும் கம்பெனியில் பதினொரு வருடம் இருந்தான். அங்கே நிகழ்ச்சி நடத்த வந்த மேஜிக்காரர் ஒருவரின் பெட்டி உடைந்துபோக, ஒட்டிக் கொடுக்க இவனைக் கூப்பிட்டார்கள். பெட்டியை உள்ளும் புறமும் பார்த்த நாளோடு ஆள் மாறிவிட்டான். ஊருக்கு வந்து திருவட்டாறு ரோட்டில் அலுமினியம் வேலைக்குக் கடை போட்டான். ஜன்னல், கிச்சன் அலமாரி எல்லாம் வாரநாள் வேலை. சனியும் ஞாயிறும் பள்ளிக்கூட ஆண்டுவிழா, கல்யாண ரிசப்ஷன், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று மேஜிக். ஆனால் சீட்டையும் ரிப்பனையும் கையில் எடுத்தாலே முன் வரிசைப் பிள்ளைகள், "அங்கிள், இது யூடியூபுல உண்டு" என்று மானத்தை வாங்கின. உலகத்தில் எவனும் செய்து வீடியோ போடாத ஒன்றைத் தானே உண்டாக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. கடையின் பின்புறத்தில் மூன்று வருடம் தட்டிக் கொட்டி, அந்த மீனைச் செய்தான்.

எட்டடி நீள மீன். பிளைவுட்டில் கூடு, மேலே அலுமினியத் தகடு, வெள்ளி ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டின செதில், கீழே நாலு சக்கரம். யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கின கதைதான் விஷயம். ஜாஸ்மி வாய் வழியாக உள்ளே போவாள். ஆன்ஸ்லின் வாயை அடைத்து, மீனை ஒரு சுற்றுச் சுற்றி, வயிற்றுக் கதவைத் திறப்பான். உள்ளே ஆள் இருக்காது. திரும்ப அடைத்து ஒரு சுற்று, திறந்தால் ஜாஸ்மி இறங்கி வருவாள். யோனா எப்படிப் பெண்ணானார் என்று யாராவது கேட்டால், "யோனாவுக்கு சவுதியில லீவு கெடைக்கல்ல, பெண்சாதிய அனுப்பியிருக்கு" என்பான். கூட்டம் குலுங்கும்.

அந்த நேரத்தில் அவள் வாலுக்குள் இருப்பாள். வால் வெளியே பார்க்க ஒல்லி, உள்ளே அதைவிடக் கொஞ்சம் அகலம். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, தலையைச் சாய்த்து, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். நாற்பது விநாடி வேலை. மூன்று நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் சரி. இரண்டு தட்டினால் உடனே திற.

பயப்பட வேறு ஒரு காரணமும் இருந்தது. இரண்டு வருடமாக ஜாஸ்மிக்கு இழுப்பு. நாகர்கோவில் டாக்டர் வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்பு கொடுத்திருந்தார். வாலுக்குள் அதைப் பிடிக்கக்கூட இடமில்லாததால் பம்பு ஆன்ஸ்லினின் கோட்டுப் பையில் இருக்கும். வேறு ஆளைப் பார்ப்போம் என்று அவன் பலமுறை சொல்லிவிட்டான். "எனக்க மீனுல வேறெவளும் ஏறாண்டாம்" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

இந்த நிலையில்தான் சபையின் அசனப் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். அதற்கு முன் சபை ஹாலில் அரை மணிநேரம் மேஜிக் வைக்கலாம் என்று வாலிபர் சங்கம் சொன்னது. கமிட்டியில் யேசுரத்தினம் சார் கூடவே கூடாது என்று குதித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபத்து நாலு வயது, வேதத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்கிறவர்.

"மாயவித்தையைக் கர்த்தர் வெறுக்காருன்னு எழுதியிருக்கு. அத சபைக்குள்ள கொண்டு வரணுமோ?"

எப்படியாவது சமாதானம் ஆகவேண்டும் என்ற பதற்றத்தில் ஆன்ஸ்லின் வாயில் வந்ததைச் சொன்னான்: "சாரே, இது கைவேலையாக்கும், மாயமில்ல. சார்தான் ஜெபம் பண்ணணும். எப்ப தோணுதோ அப்ப பண்ணலாம்." சார் அதைக் கேட்டு இறங்கி வந்தார். நோட்டீசில் மேஜிக் என்ற சொல்லை வெட்டிவிட்டு 'வேதாகமக் காட்சி' என்று போட்டார்கள். 'எப்ப தோணுதோ அப்ப' என்று சொன்னதை ஆன்ஸ்லின் அன்றே மறந்துவிட்டான்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவனுக்கு இன்னொரு பயம் பிடித்தது. ஹாலில் இருபுறமும் ஜன்னல். வாலின் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்து குட்டு வெளிப்பட்டால்? உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ரெக்சினைப் பசை போட்டு ஒட்டினான். பசை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. வாசம் போனதா என்று முகர்ந்து பார்க்கவில்லை. ஆயிரம் விஷயத்துக்குப் பயந்தவன் பயப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டான்.

அன்று ஹால் நிறைந்து வழிந்தது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், வெளியே சாம்பார் கொதிக்கிற வாசம். மேடைக்குப் பின்னால் ஜாஸ்மி இரண்டு தரம் இருமினாள்.

"வேண்டாம்னா விட்டிருவோம், ஏட்டி."

"அடுப்புப் பொகையாக்கும். நீங்க வெப்ராளப்படாதிங்க."

சார் முதலிலேயே ஒரு ஜெபம் பண்ணினார், இரண்டே நிமிடம். ஆன்ஸ்லினுக்குப் பாதி உயிர் வந்தது. கயிறும் கைக்குட்டையும் நன்றாகப் போயின. மீனைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் கூவின. நீலச் சுடிதாரும் ஷாலுமாக ஜாஸ்மி கும்பிட்டுவிட்டு வாய்க்குள் போனாள். ஒரு தட்டுக் கேட்டது. மீன் சுற்றியது. வயிற்றைத் திறந்தான். கறுப்பாக, காலியாக இருந்தது. நானூறு பேரும் ஒரே மூச்சாக 'ஆ' என்றார்கள். வயிற்றை அடைத்து, அடுத்த சுற்றுக்காக வால் கூட்டத்தைப் பார்க்கும்படி மீனைத் திருப்பினான்.

முன் வரிசையிலிருந்து யேசுரத்தினம் சார் எழுந்தார். கண்ணெல்லாம் ஈரம். மேடையேறி மைக்கை எடுத்தார்.

"சபையே! யோனா மீனின் வயிற்றுக்குள்ளிருந்து ஜெபம் பண்ணினான். நாமும் இப்போது எழுந்து நின்று, கண்களை மூடி ஜெபிப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். முக்காடுகள் தலைக்கு ஏறின. எங்கள் பக்கத்தில் ஜெபம் தொடங்கிவிட்டால் நடுவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், அது எவ்வளவு நீண்டாலும் சரி. சாருடைய ஜெபம் நீளும் என்பதோ கைக்குழந்தைக்கும் தெரியும். வியாதியஸ்தரிடம் தொடங்குவார். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், அயல்நாட்டில் பாடுபடுகிறவர்கள், மிஷனரிகள், அதிகாரிகள், விலை விழுந்து கிடக்கிற ரப்பர் என்று போய், உலக சமாதானத்தில்தான் முடிப்பார்.

நாற்பது விநாடி கடந்தது. ஒரு நிமிடம் கடந்தது. சார் இன்னும் வியாதியஸ்தரில்தான் நின்றார். ஆன்ஸ்லின் மீனைச் சுற்றி மெதுவாக நடந்தான். இரண்டு நிமிடம். பரீட்சைப் பிள்ளைகள் வந்தார்கள்.

வாலுக்குள்ளிருந்து இரண்டு தட்டுக் கேட்டது.

அவன் நின்றுவிட்டான். கை நீட்டினால் வால் கதவின் தாழ்ப்பாள். ஆனால் கை நீளவில்லை. வால் கூட்டத்துக்கு எதிரேதான் இருந்தது. இப்போது திறந்தால் மூன்று வருட உழைப்பு போச்சு. கர்த்தர் தண்டித்தார் என்று பேசுவார்கள். இன்னும் ஒரு நிமிடம், மூன்று நிமிடம் தாங்கும் என்று நாமே பார்த்தோமே, சார் இப்போது முடித்துவிடுவார். இப்படியெல்லாம் மனம் ஓடியது. சார் அயல்நாட்டுக்குப் போனார்.

மறுபடியும் இரண்டு தட்டு, தட்டென்று சொல்ல முடியாது, நகத்தால் சுரண்டின மாதிரி. பின்னால் மூச்சு இழுக்கிற விசில் சத்தம். அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது: நானூறு பேர் நிற்கிறார்கள், நானூறு பேரும் கண்ணை மூடியிருக்கிறார்கள்.

தாழ்ப்பாளை இழுத்தான். ஜாஸ்மி அவன் கைகளில் சரிந்தாள். உதடு வெளுத்திருந்தது, பசை நாற்றம் அவன் முகத்தில் அடித்தது. பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினான். புஸ் என்ற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்து நிமிர்ந்தால், யேசுரத்தினம் சார் ஒரு கண்ணைத் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் அதற்குள் மிஷனரிகளையும் ரப்பரையும் ஒரே மூச்சில் தாண்டி, உலக சமாதானத்தை முடித்து, ஆமென் சொல்கிற இடத்துக்கு வந்திருந்தார். ஒரு கணம் குரல் தடுக்கியது. பிறகு தொண்டையைக் கனைத்து, "இன்னும் ஆண்டவரே!" என்று முன்னிலும் சத்தமாகத் தொடங்கினார். சபையில் யாரோ சலிப்போடு பெருமூச்சு விட்டார்கள். விதவைகள், விவசாயிகள், பஸ் டிரைவர்கள் என்று இதுவரை ஒருநாளும் வராதவர்களெல்லாம் ஜெபத்துக்குள் வந்தார்கள். இரண்டாவது புஸ் சத்தத்தின்போது அவர், "அல்லேலூயா!" என்று கத்தினார்.

ஜாஸ்மிக்கு மூச்சு மெல்லத் திரும்பியது. வாலுக்குள் போக அவள் திரும்பினாள். ஆன்ஸ்லின் அவள் தோளைப் பிடித்துத் தலையாட்டினான். மேடையில் அதிகநேரம் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் படியில் இறங்கி, பெண்கள் வரிசையின் முதல் பெஞ்சு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற ராகேல் அக்கா, பெண்கள் சங்கத் தலைவி, கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆன்ஸ்லின் வாலை அடைத்தான். சார் ஆமென் சொன்னார். சுற்றிவிட்டு வயிற்றைத் திறந்தான், காலி. கூட்டம் காத்திருந்தது. பெண்கள் பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டி, "யோனா கரையேறியாச்சு" என்றான்.

ஹால் இடிந்து விழும் போலிருந்தது. ராகேல் அக்கா ஜாஸ்மியைப் பார்த்து, "எனக்க கர்த்தாவே!" என்று அலறினாள். அவன் பதினைந்து வருடத்தில் வாங்கின கைதட்டு எல்லாம் சேர்த்தாலும் இதற்கு வராது. சந்தோஷம் ஒரு துளி இல்லை.

கண் திறந்து பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருந்திருப்பார்கள். யார் வெளியே சொல்வார்கள்? ஜெபத்தில் கண்ணைத் திறந்தாயா என்றல்லவா முதலில் கேட்பார்கள். அசனப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த யேசுரத்தினம் சார் ஆன்ஸ்லினிடம் குனிந்து, "மக்கா, நான் கண்ணு தொறந்தது நமக்குள்ள இருக்கட்டு" என்றார். "பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையுங்க" என்று ஜாஸ்மியைக் காட்டிச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

வீட்டுக்குப் போகும்போது, வேன் ஆற்றூர் தாண்டினதும் ஜாஸ்மி கேட்டாள்.

"மொதல்ல தட்டினது கேட்டுதா?"

பொய் சொல்ல வாய் திறந்தான்.

"நீங்க நடக்க சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துது. நான் தட்டினதும் ஷூ சத்தம் நின்னுது" என்றாள் அவள்.

"கேட்டுது" என்றான் ஆன்ஸ்லின். வண்டியை ஓரம் கட்டினான். அழுகை வந்தது. பசையைப் பற்றிச் சொன்னான், தன் பயத்தைப் பற்றிச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இனி நீங்க உள்ள ஏறுங்க. நான் வெளிய நிக்கேன்" என்றாள்.

பெஞ்சில் ஆள் வருகிற அந்த ஐட்டம் வேண்டும் என்று ஐந்து சபைகளிலிருந்து போன் வந்தது. அது முடியாது என்று எல்லாருக்கும் சொன்னான். வாலை நாலு அங்குலம் அகலமாக்கினான், பக்கத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டான், ரெக்சினைக் கிழித்தெறிந்தான். ஜாஸ்மி கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகினாள். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கோட்டுப் போட்டது அவள், மீனுக்குள் போனது அவன்.

அவன் நினைத்ததைவிட வாலுக்குள் இருட்டு அதிகம். முழங்கால் தாடையில் இடித்தது. மூச்சுக்கு ஒரு குறையுமில்லை, ஓட்டை வழியாக நல்ல காற்று வந்தது. ஆனாலும் இருபதுக்குள் எண்ணிக்கை தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். வெளியே ஜாஸ்மி சவுதி லீவு கதையை அவனைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜாஸ்மி இதற்குள் எத்தனை தடவை கிடந்திருப்பாள் என்று நினைத்தான். கை தானாகவே எழுந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. தட்டின பிறகுதான் பதறினான். வால் கூட்டத்தைப் பார்த்து இருந்தது, ஒரு பிள்ளையும் கண்ணை மூடியிருக்கவில்லை.

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே தாழ்ப்பாள் இழுபட்டது. வெளிச்சத்தில் கண் கூசியது. வாலுக்குள் மடங்கிக் கிடந்த மனுசனைப் பார்த்து அறுநூறு பிள்ளைகளும் எழுந்து நின்று கூவினார்கள். ஜாஸ்மி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து, "மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள்.