கிள்ளானுக்குக் கப்பல் கேட்டவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாத்தா பணியிலிருக்கும்போதே இறந்தார். கொச்சி மாநகராட்சியில் துப்புரவு வேலை. வாரிசாக அந்த வேலையைக் கேட்டு அப்பா அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். தாத்தாவின் பதிவேட்டில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. குமாஸ்தா சிரித்தார்.

"இதெந்தா, அச்சன் இல்லாத்த ஆளா?"

"பெத்தவ பேரு இருக்குல்ல சாரே? அது மதி, அது போதும்" என்றார் அப்பா. குரலில் தாழ்வே இல்லை. வேலையும் கிடைத்தது.

அந்த அம்மாவை, என் கொள்ளுப்பாட்டியை, அப்பா சிறுவயதில் பார்த்திருக்கிறார். கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்குகளைப் பெருக்கியவள். மாலையானால் படகுத்துறைக்குப் போய், வருகிற கப்பல்காரர்களிடமெல்லாம் மலேயாவின் கிள்ளானுக்குக் கப்பல் உண்டா என்று கேட்பாளாம். தோட்டவேலைக்குக் குடும்பமாகப் புறப்பட்ட துறைமுகத்தில், கைக்குழந்தையான தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று தாயையும் பிள்ளையையும் கப்பலில் ஏற்றவில்லை. கணவனும் மூத்த மகனும் போய்விட்டார்கள். கொச்சிக்குப் பெரிய கப்பல் வருமென்று யாரோ சொன்னதை நம்பி, குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தாள்.

இரண்டாயிரங்களின் கடைசியில் நான் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். எச்சிலை அனுப்பினால் சொந்தங்களைக் கண்டுபிடித்துத் தரும் மரபணுச் சோதனை பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். அப்பாவின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன்.

"துப்பல வெச்சு ஆளக் கண்டுபிடிப்பாங்களாடீ மோளே?" என்று சிரித்தார்.

சில மாதங்களில் பதில் வந்தது. மலேசியாவில் ஒருவர், அப்பாவோடு ஒரே ஆண்வழி. அவருக்கு எழுதினேன். அவர் தம் தகப்பனார் போய் இறங்கியபோது பதிந்த சீட்டின் நகலை அனுப்பினார். தாயின் பெயரும் ஊரும் தாத்தாவின் பதிவேட்டில் உள்ளபடியே இருந்தன. அவர் அப்பாவின் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா.

முதல்முறை போனில் பேசியபோது அவர் சொன்னார்: "அம்மாவும் தம்பியும் காலராவுல செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் எங்கப்பாவ வளர்த்தாங்க."

"சாகலண்ணே. உங்கப்பாவத் தேடித்தான் அவ இங்க வந்தா. கடைசி வரைக்கும் தேடினா" என்றார் அப்பா.



எழுதப் படிக்கத் தெரியாதவள். அறியாத ஊரில் துடைப்பம் பிடித்தே மகனை ஆளாக்கி, அவன் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து எழுதச் சொன்னவள். என் சாயலில் எங்காவது அவள் இருப்பாள் என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் பெரியப்பா வந்தார். நெற்றியும் காதும் அச்சாக அப்பாவுடையவை போலவே. அவள் பெருக்கிய தெருவைப் பார்க்கவேண்டும் என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஜார் முழுக்க நடந்தார். தினமும் தம்மைத் துடைப்பத்தோடு பார்க்கும் கடைக்காரர்களிடமெல்லாம் நின்று, அண்ணனைக் காட்டி, கேட்காமலே சொன்னார்:

"என்றெ சேட்டனாக்கும். மலேசியாவுல இருந்து வந்திருக்காரு."