மாப்பிள்ளை கோப்பிக்கடையில் இருக்கட்டும்

போன மாதம் ஒரு டாக்டர் என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார். இத்தனைக்கும் நான் நோயாளி இல்லை. தகராறு எதுவும் செய்யவில்லை. மாமியாருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன்... அவ்வளவுதான்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகையின் இந்த மூலையில் உங்களுக்காகத் தமிழில் எழுதித் தள்ளுகிறேன். ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு மொழி தெரிந்தவனுக்கு மொழிபெயர்க்கத் தெரியாதா என்ன? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை புக்கிட் பாத்தோக்கில் எங்களோடு இருக்கிறார். சந்தையில் மலாயில் மீன் விலை பேசிக் குறைப்பார். ஆங்கிலம் மட்டும் அவரிடம் ஒட்டவே இல்லை. வெள்ளிக்கிழமையானால் லிட்டில் இந்தியா — கோயில், பூ, வெற்றிலை, தெரிந்தவர்களோடு அரட்டை. மழை கொட்டினாலும் அந்தப் பயணம் நிற்காது.

அதுதான் நின்றுபோனது. கேட்டால், முட்டி வலி என்பார். போதாக்குறைக்கு ஒருநாள் சந்தையில் தலை சுற்றி விழப்போனவரை மீன்காரர் பிடித்து உட்காரவைத்தார். வீடே பயந்துவிட்டது. என் மனைவி பள்ளி ஆசிரியை. தேர்வு நேரம், லீவு கிடைக்காது. பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு குடும்ப விஷயம் சொல்லியாக வேண்டும். அத்தை என்னிடம் நேராகப் பேச மாட்டார். கோபம் கிடையாது, மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் எதிர் சோபாவில்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு கோப்பி வேணுமான்னு கேளுடி" என்பார். மனைவி வந்து என்னிடம் கேட்பாள். நான் அவளிடம் சொல்வேன். அவள் போய் அத்தையிடம் சொல்வாள்.

ஆக, மாமியாரோடு பேச வீட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிற ஆசாமி, மாமியாருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கிளம்பினேன். இது எங்கள் மூவரில் ஒருவருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

டாக்டர் இளம் சீனப் பெண். பொறுமைசாலி. தண்ணீர் சரியாகக் குடிக்கிறாரா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, அடக்க முடியாமல் போகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

யோசித்துப் பாருங்கள். இதை நான்... என் மாமியாரிடம்... எந்த முகத்தோடு கேட்பது?

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கான்னு கேக்குறாங்க, அத்தை."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த ரத்த அழுத்த மெஷினைப் பார்த்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லிடச் சொல்லுங்க" என்றார்.

"நோ பிராப்ளம், டாக்டர்" என்றேன் கணீரென்று.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முட்டிக்குத் தைலம் கொடுத்தார்கள். தலைசுற்றல் நிற்கவில்லை. மறுபடி போனோம். அதே கேள்வி, அதே மெஷின், அதே நோ பிராப்ளம்.

அதற்கடுத்த முறைதான் டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அங்கிள், ஐ ஆஸ்க் சோ லாங், ஹவ் கம் யூ டிரான்ஸ்லேட் சோ ஷார்ட்?" கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளராம். முன்கூட்டியே புக் செய்துவைத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் எழுதுகிறவனை வைத்துக்கொண்டு தமிழுக்கு வெளியாளா?

ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. "வணக்கம்மா. நீங்க சொல்றத அப்படியே டாக்டர்கிட்ட சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இங்க பேசுறது வெளிய போகாது. ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

அத்தை போனைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளை இருக்காரு."

அந்தக் குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. மாப்பிள்ளை முன்னால் பேச எங்கள் பெண்கள் சிலர் கூச்சப்படுவார்கள், தனியாகப் பேச விருப்பமா என்று டாக்டர் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னது. டாக்டர் கேட்டார். கேள்வி தமிழில் வந்தது.

அத்தை மறுபடி போனைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு இது கோப்பி குடிக்கிற நேரம்" என்றார்.

வெளியே வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

கோப்பிக்கடையிலிருந்து செம்பவாங்கில் இருக்கும் ஒரு நண்பருக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பரவால்ல லா. எங்க வாப்பாகிட்ட, ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் குடிக்கிறீங்கன்னு டாக்டர் கேட்டாரு. அவரு ஆறுன்னாரு. மானம் போகுதேன்னு நான் ஒண்ணுன்னு சொல்லிட்டேன். ஒரு டீக்கே சுகர் இவ்வளவான்னு டாக்டர் மருந்தக் கூட்டிட்டாரு."

திரும்பிப் போனால், மூடிய கதவுக்குள்ளிருந்து அத்தையின் சிரிப்புச் சத்தம். அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அன்று மாலை, அத்தை அனுமதித்த அளவுக்கு மனைவி சொன்னாள். ஒருநாள் ரயிலில் அடக்க முடியாமல் போய்விட்டதாம். அவமானம். அன்றிலிருந்து லிட்டில் இந்தியா வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று இருந்திருக்கிறார். தண்ணீர் குடிக்காததால்தான் தலைசுற்றல். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. உடற்பயிற்சி, கொஞ்சம் மருந்து... சரிசெய்துவிடலாமாம். நாங்கள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தவித்திருக்கிறார்.

பாசம், மரியாதை, கூச்சம், குடும்ப மானம் — நம் வீட்டு ஆட்கள் இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் மொழிபெயர்க்கிறோம். டாக்டரின் கேள்விக்கு அங்கே இடம் ஏது? அந்தக் குரலுக்கு அத்தை யாரோ ஒருவர். அதனால்தான் முழுசாகக் கேட்க முடிந்தது. ஆனால் அந்தக் குரல் நினைத்த நேரத்தில் கிடைக்காதாம். ஆட்கள் குறைவு, புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்த அழுத்த மெஷின் இல்லாத கிளினிக் உண்டா? அந்த போனும் அதே மேசையில் எப்போதும் இருக்க வேண்டாமா?

இதை எழுதலாமா என்று மனைவி மூலம் கேட்டேன். மனைவி மூலம் பதில் வந்தது: "எழுதச் சொல்லுடி. என்னய மாதிரி எத்தனை பேரு வாய மூடிக்கிட்டு இருக்காங்களோ. பேரு மட்டும் வேணாம்."

இந்த வெள்ளிக்கிழமை அத்தை லிட்டில் இந்தியா போய்வந்தார். கை நிறைய மல்லிகை. எதிர் சோபாவில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் டாக்டரப் பாக்கப் போகணும். மாப்பிள்ளையக் கூட வரச் சொல்லுடி. வந்து, கோப்பிக்கடையிலயே இருக்கச் சொல்லு."

மனைவி வந்து என்னிடம் சொன்னாள்: "அம்மா உங்களக் கூட வரச் சொல்றாங்க."

மீதியை விழுங்கிவிட்டாள். வீட்டு மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே.