நாய் விரும்பி நக்கிய வேப்பெண்ணெய்

எங்கள் நாய் மணிக்குப் பின்னங்காலெல்லாம் சொறி. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறாவிட்டால் துரத்திவிடுவேன் என்கிறாள் மனைவி. மகள் அழுகிறாள்.

ஆகவே இன்று ட்ராம் ஏறி மயிலாப்பூர் போய் வேப்பெண்ணெய் வாங்கினேன். நாற்றமே இல்லை.

"இன்னாப்பா, வேப்பெண்ணெய்தானா இது?" என்று கேட்டேன்.

"காய்ச்சி வடிச்சது நைனா, நாத்தம் எப்படி வரும்?" என்றார் கடைக்காரர்.

எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தடவிய மறுநிமிடமே மணி காலை வளைத்து முழுக்க நக்கித் தீர்த்தது. அந்தக் கசப்பை எந்த நாய் இப்படி நக்கும்? சந்தேகத்தில் நானும் ஒரு விரல் தொட்டு நக்கினேன்.

அசல் கடலை எண்ணெய்!

மீதியில் மனைவி அப்பளம் பொரித்துவிட்டாள். சொறி அப்படியே இருக்கிறது.

நல்ல வேப்பெண்ணெய்க் கடை தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். தயவுசெய்து, முதலில் நீங்கள் நக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.