கொடியில் ஒரு பழைய கைலி

கிளிஞ்சல்மேட்டில், சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடுகளின் மொட்டை மாடியில் காயும் துணி அப்பளமாகத்தான் விறைக்கும். தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. "சட்டை முதுக அறுக்குதுடி" என்று கடலுக்குப் போய்வரும் உத்திராபதி புலம்பாத நாளில்லை. துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவத்தின் விலையைக் கேட்டதும் அவர் மனைவி தையல்நாயகி, "அதுக்கு ஒரு சட்டையே எடுத்துறலாமே!" என்று கடைக்காரரிடம் எரிந்து விழுந்துவிட்டு, சின்ன வினிகர் பாட்டிலோடு திரும்பினாள்.

கடைசி அலசலில் அரை டம்ளர் ஊற்றினாள். காய்ந்த துணிகள் பூனைக்குட்டி போலிருந்தன. புளித்த வாடைகூட இல்லை. உத்திராபதி அந்தச் சட்டையோடே தூங்கிப்போனார்.

அடுத்த முறை அவர் கடலில் இருந்தபோது, மதியம் கண்ணயர்ந்தவளுக்கு என்னவோ குறைவதாகப் பட்டது. முன்பெல்லாம் விறைத்த துணிகள் கொடியில் படபடக்கும். அந்தச் சத்தம் மாறினால் காற்று திரும்பிவிட்டதென்று தூக்கத்திலும் அவளுக்குத் தெரியும். இன்றோ துணிகள் ஓசையின்றி மிதந்துகொண்டிருந்தன. கடலே எங்கோ தள்ளிப் போய்விட்டது போலிருந்தது.

அதன்பின் எல்லாத் துணிக்கும் வினிகர் உண்டு, ஒரு பழைய கைலியைத் தவிர.

"இத மட்டும் ஏன் விட்டுட்ட?" என்றார் உத்திராபதி.

"அது நீங்க கட்டறதுக்கில்ல. நீங்க கடல்ல இருக்கறப்ப நான் கேக்கறதுக்கு."